தெருமுனையில் நான் பிடுங்கிய இரும்பு

முதலில் ஒரு மன்னிப்பு. எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். தமிழில் ஐம்பத்து மூன்று மார்க். (கணக்கில் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.) ஆரணியில் ஒரு ரைஸ் மில்லில் பாய்லர் பார்க்கிறேன். பாய்லர் பார்ப்பவன் யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. தெருவில் நாலு பேர் சேர்ந்து நின்றால் நான் ஐந்தாவதாகப் போய் நிற்க மாட்டேன். சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போய்விடுவேன்.

அப்படிப்பட்டவன் ஏன் எழுத உட்கார்ந்தேன் என்றால், இந்தக் கதையை எங்கள் தெருவில் என்னைத் தவிர எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல அது வளர்கிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர், நான்தான் அந்த ஆள் என்று தெரியாமல், நெசவுக்காரத் தெருவுக்கு மாப்பிள்ளையாக வந்த ஒருவன் மின்கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிய கதையை எனக்கே சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். (வேறு என்ன செய்வது, அந்தப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த என் மனைவி என் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.)

வீட்டுக்கு வந்ததும் செல்வி சொன்னாள்: "கம்பம் வரைக்கும் வந்துட்ச்சி. இதுக்கு மேல வளர்றதுக்குள்ள நீங்களே ஒழுங்கா எழுதி வச்சிடுங்க."

அதனால் எழுதுகிறேன். நான் பிடுங்கியது கம்பம் இல்லை. இரண்டடி இரும்பு.

எனக்குக் கல்யாணம் ஆகும்போது வயது முப்பத்தாறு. அதற்கு முன் ஐந்து வீடுகளில் பெண் பார்க்கப் போயிருந்தோம். ஐந்து வீட்டிலும் நான் பஜ்ஜி சாப்பிட்டேன், வாயைத் திறந்து வேறு எதுவும் செய்யவில்லை. ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா என் அண்ணனைத் தனியாக அழைத்து, "பையனுக்குப் பேச்சு வரும் இல்ல?" என்று கேட்டாராம். ஆறாவது வீடு செல்வி வீடு. "பேசாத ஆளுன்னா தேவல. எங்கப்பா பேசறதே ஒரு வீட்டுக்குப் போதும்" என்று அவள் சரி சொல்லிவிட்டாள்.

அவள் அப்பா கோதண்டம், பட்டு நெசவாளி. தெரு முழுக்கக் கேட்கிற குரல். பால்காரர், தபால்காரர், தண்ணீர் திறந்துவிடுகிறவர் என்று யார் வந்தாலும் நிறுத்திவைத்துப் பேசுவார். செல்வி ஒரே மகள், அம்மா இல்லை. அதனால் சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நான் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை. வந்தபிறகுதான் தெரிந்தது, ஊரெல்லாம் பேசுகிற மனிதர் என்னிடம் மட்டும் பேச மாட்டார் என்று.

திட்ட மாட்டார், முறைக்க மாட்டார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எல்லாமே செல்வி வழியாகத்தான். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன், "செல்வி, அவருக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்பார். நான் செல்வியைப் பார்த்து, "வேணாம்னு சொல்லு" என்பேன். "நான் இன்னா டெலிபோனா?" என்று அவள் தட்டை நங்கென்று வைப்பாள். தறியில் உட்கார்கிற மாப்பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டவராம். நெல் அவிக்கிற மாப்பிள்ளை கிடைத்ததில் அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. எனக்கோ யாரிடமும் என்ன பேசுவதென்று தெரியாது. ஆவணியில் கல்யாணம். கார்த்திகை வரை ஒரு வார்த்தை இல்லை.

பேச ஒரே ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மாமாவிடம் ஒரு பிஸ்கட் டின் உண்டு. அதில் ஒரு செப்புக் காசு, திறக்காத பூட்டு ஒன்று, பித்தளை முத்திரை, ஏதோ ஒரு சாவி. எல்லாம் ஊருக்குள் பள்ளம் தோண்டும்போது கிடைத்தவை. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத் திறந்து, "இது நவாபு காலத்துது, பாருங்க" என்று கையில் கொடுப்பார். எனக்கு மட்டும் காட்டியதில்லை. நானாக ஒரு பழைய பொருளைக் கண்டுபிடித்து, அது என்னவென்றும் தெரிந்துகொண்டு, அவர் கையில் வைத்துவிட்டால்? பேசித்தானே ஆக வேண்டும்?

(இப்போது நினைத்தால், "மாமா, அந்த டின்ல இன்னா கீது?" என்று கேட்டிருந்தாலே போதும். அது அப்போது தோன்றவில்லை.)

எங்கள் தெருவின் மேற்குக் கோடியில், குழாயைத் தாண்டி, சிமெண்டு ரோடு முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் ஒரு இரும்பு மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மில்லுக்குப் போகும்போது மூன்று முறை அதில் தடுக்கியிருக்கிறேன். மூன்றாவது முறை செருப்பு வார் அறுந்தது. அன்றைக்குத்தான் குனிந்து பார்த்தேன். அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை மதியம், கரண்ட் இல்லாததால் மில் லீவு. மழை தூறிக்கொண்டிருந்தது, வீடுகளுக்குள்ளே தறிச் சத்தம், தெருவில் ஒருவரும் இல்லை. என்னைப் போன்றவனுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

வீட்டிலிருந்து ஒரு கடப்பாரையை எடுத்துவந்து சுற்றிலும் தோண்டினேன். அது வரவில்லை. ஒரு சாண் தோண்டியும் இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. பல்லை ஆட்டுவதுபோல இரண்டு கையாலும் ஆட்டினேன். அப்போது பக்கத்து ஜன்னலிலிருந்து ருக்கு அக்கா பார்த்துவிட்டார். அவரும் அவர் வீட்டுக்காரர் தனபாலும் மாமாவைப் போல நெசவாளிகள். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கேட்கப் போகிறார், நான் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் அவர் கேட்கவில்லை. "சும்மா ஆட்னா வராது மாப்ள. தண்ணி ஊத்தி ஆட்டுங்க, லேசா வரும்" என்று சொல்லிவிட்டு ஒரு குடம் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்.

எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். அந்த அக்காவிடம், "இது இன்னாக்கா?" என்று இரண்டே சொல்லில் கேட்டிருக்கலாம். இந்தக் கட்டுரையும் அங்கேயே முடிந்திருக்கும். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

தண்ணீர் ஊற்றி ஆட்டியதும் இரும்பு முழுசாக வந்துவிட்டது, குழாயில் கழுவிப் பார்த்தேன். அந்த மாதிரி இரும்பை நான் பார்த்ததில்லை. மெஷினில் செய்ததில்லை. நாலு பட்டையாக, கீழே போகப் போகக் கூர்மையாக, ஒவ்வொரு பட்டையிலும் சுத்தியல் அடித்த அடையாளம், தண்ணீரில் காற்று பட்டதுபோல சின்னச் சின்ன பள்ளங்கள். தலை யானையின் தும்பிக்கைபோல ஒரு பக்கம் வளைந்திருந்தது. வளைவுக்குக் கீழே ஒரு காது, காதில் ஒரு வளையம். இவ்வளவு நாள் மண்ணுக்குள் இருந்த கீழ்ப்பாதியில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, உளியால் வெட்டின மூன்று கோடுகள்.

மாடு கட்டுகிற முளையோ என்று ஒரு கணம் தோன்றியது. எங்கள் ஊரில் மாட்டு முளை மரத்தில் இருக்கும், இவ்வளவு ஆழம் போகாது. அதோடு இந்தத் தெருவில் ஒரு மாடுகூட இல்லை. ஆகவே முளை இல்லை என்று முடிவுசெய்தேன். (என் வாழ்நாளில் நான் காரணகாரியத்தோடு யோசித்து எடுத்த முடிவுகளில் இதுவும் ஒன்று.)

அரிசிச் சாக்கில் சுற்றி பாய்லர் ஷெட்டில் ஒளித்துவைத்தேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு கண்ணமங்கலம் பஸ் ஏறினேன். ஆரணியிலேயே கொல்லுப்பட்டறை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அங்கே என்னைப் பார்த்தால், "கோதண்டம் மருமவன் தானே?" என்பார்கள், மாமாவின் காதுக்குப் போய்விடும். ரகசியம் காக்க ஊர் தாண்ட வேண்டியிருந்தது.

கண்ணமங்கலத்தில் ரோட்டோரமாக ஒருவர் அரிவாள் அடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காற்றுத் துருத்தியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் சாக்கைப் பிரித்ததும் கொல்லர் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார். இரும்பைத் தூக்கி, சுத்தியலால் லேசாகத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார்.

"மணி மாதிரி கத்துது பாரு" என்று மனைவியிடம் காட்டினார். பிறகு என்னிடம், "நல்ல இரும்புங்க. கரியில காய்ச்சி அடிச்சிருக்கான். அடிச்சவன் அவசரமே படல. இந்தக் காத எட்த்தது கீதே, இன்னிக்கி நானே அடிச்சாலும் ரெண்டு தபா கெட்டுப்போவும்."

"எதுக்குன்னு அடிச்சிருப்பாங்க?" என்று கேட்டேன்.

"எங்க கெடச்சிது?"

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. தெருவில் தோண்டி எடுத்தேன் என்றால் திருடன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். யாருக்கும் சொந்தமில்லாத இடமாக ஒன்றைத் தேடினேன்.

"ஆத்துலங்க" என்றேன்.

"ஆத்துலயா?" அவர் இரும்பைக் கீழே வைத்துவிட்டார். முகத்தில் இருந்த ஆர்வம் போய்விட்டது. "தெருவுல, வாசல்லன்னு சொல்லியிருந்தீங்கன்னா ஒண்ணு சொல்லியிருப்பேன். ஆத்துலன்றீங்க. அப்போ அது இல்ல."

"எதுங்க அது?"

"அதான் இல்லயே. இல்லாதத எதுக்கு சொல்லிகினு?"

"படகு கட்றதா இருக்கும்" என்றார் அவர் மனைவி, சக்கரத்தை நிறுத்தாமல்.

"நம்ம ஆத்துல எங்கடீ படகு வுட்டாங்க? வருசத்துல பத்து நாளு தண்ணி வந்தா பெரிசு."

"அந்தப் பத்து நாளு வுட்டிருப்பாங்க."

அவர்கள் இரண்டு பேரும் படகைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அரைமணி நேரம் அங்கேயே நின்றேன். ஒரு முறை பொய் சொன்னவன் அதை மாற்றிச் சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டுமே. திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சேத்துப்பட்டு போனேன். அருளப்பன் சார் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவர், அப்போது ஓய்வு பெற்றிருந்தார். கோவிலில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். சாக்கைப் பிரித்ததும் தூக்கக் கலக்கம் போய்விட்டது. பூதக்கண்ணாடி எடுத்துவந்தார். மர ஸ்கேலை வைத்து அளந்தார். மூன்று வெட்டுகளின் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தார். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதினார்.

"எங்க கெடச்சது?"

"ஆத்துல சார்."

"எப்படி இருந்தது? படுத்திருந்ததா, நின்னுட்டு இருந்ததா?"

"மணல்ல படுத்துகினு இருந்துச்சு சார்."

அவர் இரும்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். "இது படுத்திருந்த இரும்பு இல்லப்பா. பார், மேல் பாதி துரு ஒரு நிறம், கீழ்ப் பாதி துரு வேற நிறம். நடுவுல கோடு போட்ட மாதிரி பிரியுது. ரொம்ப காலம் ஒரே இடத்துல, மண்ணுல பாதி வெளியில பாதின்னு நின்னிருக்கு."

"அப்போ ஆத்துல நின்னுகினு இருந்துச்சு சார்."

சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எட்டாம் வகுப்பிலிருந்தே நான் பொய் சொன்னால் காது சிவக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் என்னை விட்டுவிட்டார். வளையத்தைச் சுற்றிக் காட்டினார். "இங்க பார். வளையமும் காதும் ஒரே பக்கமா தேஞ்சிருக்கு. கயிறு கட்டி இழுத்திருக்காங்க. எப்பவும் ஒரே திசையில. மாடு கட்டியிருந்தா நாலு பக்கமும் தேஞ்சிருக்கும், மாடு சுத்தி வரும். இது அப்படி இல்ல. இதை இழுத்தது நகராத எதுவோ."

பேசாத இரும்பு இவ்வளவு சொல்கிறது. கண்ணில்லாதவன்போல நான் அதைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தேன்.

"அது எது சார்?"

"தெரியல. கயிறு கட்டி இழுக்க. அதுக்கு மேல இரும்பு ஒண்ணும் சொல்லல."

"நம்ம ஆரணிக் கோட்டைச் செவுத்து மேல ஏர்றதுக்கு, கயிறு மாட்டற கொக்கியா இருக்குமா சார்?"

சார் சிரித்தார். "இருக்கலாம்னு சொல்றதுக்கும் இருக்குன்னு சொல்றதுக்கும் நடுவுல ஒரு மைல் தூரம் இருக்குப்பா."

அந்த ஒரு மைலை நான் ஆரணி பஸ்ஸில் உட்கார்ந்ததுமே தாண்டிவிட்டேன். வழி நெடுக நவாபின் சிப்பாய்கள் என் கொக்கியைப் பிடித்துக்கொண்டு மதில் ஏறினார்கள். "மாமா, ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பதா, "மாமா, இத பாருங்க" என்று ஆரம்பிப்பதா என்று ஒத்திகை பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் இறங்கும்போது, "மாமா கிட்ட தைரியமா பேசுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

சாக்கைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். காலையில் காபிக்கு உட்காரும்போது கொடுப்பதாகத் திட்டம். அன்றிரவு மாமா செல்வியிடம், "மழ வுட்ருச்சி. காலைல பாவு நீட்டிடலாம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு மாதமாகவே, "மழ வுட்டா பாவு நீட்டணும்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது என்ன என்று நான் கேட்கவில்லை. என் வழக்கப்படி.

விடியற்காலையில் தெருவில் பேச்சுச் சத்தம். வெளியே வந்தேன். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. எங்கள் தெருவின் நடுவில், ஏழு வீட்டு நீளத்துக்கு, இடுப்பு உயரத்தில் ஒரு சிவப்பு நின்றது. ஆயிரக்கணக்கான பட்டு இழைகள், நெசவுக்குப் போக வேண்டிய பாவு, கிழக்குக் கோடியில் ஒரு கட்டையில் கட்டப்பட்டு, நடுநடுவே கோல்கள் கோர்த்து, ஆட்கள் தாங்கிப் பிடிக்க, நீண்டு கிடந்தது. தறிக்குப் போகும் முன் பாவை இப்படித் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையை முடிபோட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு வீட்டுப் பாவு என்றால் தெருவே வரும். மாமாவின் மூன்று புடவைக்கான பாவு அது. மழை வரும் போகும் என்று இரண்டு மாதம் காத்திருந்த பாவு. மாமா ஏற்கனவே பாதி நீளத்துக்குக் கஞ்சி தடவியிருந்தார்.

அந்த நேரத்தில் மேற்குக் கோடியில் ஒரே குழப்பம். கயிற்று நுனியைக் கையில் வைத்துக்கொண்டு தனபால் அண்ணன் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தாறு பேர் குனிந்து கையால் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். நானும் போய்க் குனிந்தேன். உதவி செய்கிற மருமகன் என்று மாமா பார்க்கட்டுமே.

கொஞ்ச நேரம் துழாவிய பிறகு, "இன்னாண்ணா தேடறோம்?" என்று கேட்டேன். இந்த ஒரு வாரத்தில் எங்கள் தெருவில் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"மொள மாப்ள."

"எப்டிண்ணா இருக்கும்?"

"ரெண்டடி இருக்கும். இரும்பு. தல ஆன தும்பிக்க மாதிரி வளஞ்சிருக்கும். காதுல ஒரு வளையம். அதுல கயிற மாட்டிதான் பாவ இழுத்துக் கட்டணும். சேத்துல பூந்துட்சா இன்னான்னு தெர்ல."

கண்ணமங்கலத்திலும் சேத்துப்பட்டிலும் கேட்டு அலைந்த பதில், என் வீட்டு வாசலிலிருந்து ஐம்பது அடியில், கேட்ட மூன்றாவது வினாடியில் கிடைத்துவிட்டது.

இப்போது நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒழுங்காக எழுது என்று செல்வி சொல்லியிருக்கிறாள். நான் தொடர்ந்து தேடினேன். அது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்று தெரிந்தும், பத்து நிமிடம், எல்லோரையும்விட சிரத்தையாக, முழங்கை வரை சேற்றில் விட்டுத் தேடினேன். பூமி பிளந்தால் உள்ளே போகலாம் என்பார்களே, நான் கையால் பிளந்துகொண்டிருந்தேன்.

"ஜல்தியா பாருங்கப்பா" என்று நடுவிலிருந்து மாமா குரல். "கஞ்சி காயுது. தொய்ஞ்சா எழ ஒட்டிக்கும்."

தொய்வாகக் காய்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது அறுந்துபோகும் என்று தனபால் அண்ணன் முணுமுணுத்தார். மூன்று புடவையும் போய்விடும். கிழக்கே வானம் வெளுத்தது.

அப்போது ருக்கு அக்கா டீ கொண்டுவந்தார்.

"இன்னாத்த தேடறீங்க? மொளயா? அதான் அன்னிக்கே மாப்ள புடுங்கினாரே. நாந்தான் தண்ணி குட்த்தேன்."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். நான் மட்டும் நிமிரவில்லை.

"நீங்க சொல்லித்தான் கயட்றாருன்னு நெனச்சேன்ணா" என்றார் அக்கா மாமாவைப் பார்த்து. "ஆடிகினு இருந்துச்சே, வேற எடத்துல அடிக்கப் போறீங்கன்னு."

நான் ஓடினேன். சேற்றுக் கையோடு கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்துக்கொண்டு திரும்ப ஓடிவந்தேன். தனபால் அண்ணன் அதை வாங்கிப் பழைய குழியில் வைத்து அடித்தார். கயிற்றை மாட்டி இழுத்ததும் வெண்ணெயில் சொருகின கத்திபோல அது சாய்ந்து வெளியே வந்துவிட்டது. நான் தோண்டின குழி, ஒரு வார மழை, எல்லாம் கூழாகியிருந்தது. வேறு கெட்டியான இடம் தேட நேரமில்லை. கரண்ட் கம்பம் தெருவோரத்தில் இருந்தது, அதில் கட்டினால் பாவு கோணும், ஒரு ஓரம் இறுகி ஒரு ஓரம் தொய்யும்.

மாமா கையில் கஞ்சியோடு நடந்துவந்தார். குழியைப் பார்த்தார். தெருக்கோடியில் குறுக்கே போகிற சாக்கடைக் கால்வாயின் ஓரக் கல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். செல்வி வாசலில் நின்றிருந்தாள். அவளிடம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"உக்காருங்க" என்றார் என்னிடமே. "கல்லுல கால ஒதச்சி உக்காருங்க."

உட்கார்ந்தேன். இரும்பை என் இடுப்புக்குக் குறுக்கே வைத்து, சாக்கை மடித்து முதுகுக்குக் கொடுத்து, கயிற்றை வளையத்தில் மாட்டிச் சுற்றிக் கட்டினார்கள். "ஏத்து" என்றார் மாமா. கயிறு இறுகியது, பாவு விறைத்து நேரானது, என் முதுகெலும்பும் நேரானது. மூன்று புடவை என்னை இழுக்க, நான் அதை இழுத்தேன்.

"இன்னா மாப்ள, மூச்சு வுடலாம் இல்ல?" என்றார் தனபால் அண்ணன்.

"மெதுவா வுடச் சொல்லு. பாவு ஆடப்போது" என்றார் இன்னொருவர்.

"மில்லுல பாய்லர் யாரு பாக்கறாங்க?"

"பாய்லர் ஒரு நாளு தானே பாத்துக்கும். மொளதான் தானா நிக்காது."

ருக்கு அக்கா எனக்கு டீயை வாயில் வைத்துக் கொடுத்தார். தெரு முழுவதும் என் எதிரே முன்னும் பின்னும் நடந்து வேலை செய்தது. ஒருவரைப் பார்த்தால் தெரு மாறிப் போகிறவன், இருபது பேருக்கு நடுவில், எழுந்து ஓட முடியாமல் கட்டிப்போடப்பட்டு உட்கார்ந்திருந்தேன். பாயில் உட்கார்ந்த கல்யாண மாப்பிள்ளையைக்கூட அத்தனை பேர் பார்த்ததில்லை.

மாமா கஞ்சியைத் தடவிக்கொண்டே என் கோடி வரை வருவார், திரும்பிப் போவார். முதல் முறை கயிற்று முடிச்சை மட்டும் இழுத்துப் பார்த்தார். இரண்டாவது முறை, "வுட்றாதீங்க" என்றார். மூன்றாவது முறை அறுந்த ஒரு இழையை விரலால் உருட்டி முடிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"எங்க எட்த்துகினு போனீங்க அத?"

"கண்ணமங்கலம், மாமா. அப்புறம் சேத்துப்பட்டு."

"எதுக்கு?"

"இன்னான்னு கேக்க."

அவர் கை நின்றது. "இன்னான்னு சொன்னாங்க?"

"கொல்லரு சொல்லல மாமா. சாரு தெரியலன்ட்டாரு. நானாதான், கோட்ட ஏர்ற கொக்கின்னு..."

தனபால் அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு பாவு வழியாகவே கிழக்குக் கோடி வரை போனது. கோல் பிடித்தவர்கள் சிரித்ததில் பாவு நடுங்குவது என் இடுப்பில் தெரிந்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன் என்னாண்ட கேக்கல?"

"உங்களுக்குக் குடுக்கத்தான் மாமா. டின்ல வைக்க."

அவர் அந்த இழையின் முடிச்சை இறுக்கினார். "வாத்தியாரு வேற ஒண்ணுமே சொல்லலியா?" என்றார்.

வளையம் ஒரே பக்கம் தேய்ந்திருப்பதைச் சொன்னேன். துரு இரண்டு நிறம் என்றேன். மூன்று வெட்டுக்கு என்ன அர்த்தம் என்று சாருக்குத் தெரியவில்லை, காகிதத்தில் படி எடுத்து வைத்திருக்கிறார் என்றேன். என் வாழ்நாளில் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். இடுப்பு வலியில் கூச்சம் மறந்துவிட்டது போலிருக்கிறது.

"மூணு வெட்டா? எங்க?"

"கீழ்ப்பாதில மாமா. மண்ணுக்குள்ள இருந்த பக்கம்."

மாமா சேற்றில் மண்டியிட்டார். என் இடுப்புக்குப் பக்கத்தில் குனிந்து, கஞ்சிக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, அந்த மூன்று கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அந்த முளையில் கயிறு மாட்டுகிறவர். அதன் கீழ்ப்பாதியைப் பார்த்ததே இல்லை. தனபால் அண்ணனும் பார்த்ததில்லை. தெருவில் யாருமே பார்த்ததில்லை. யாரும் அதைப் பிடுங்கியதில்லையே. ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். செய்தவரின் அடையாளம் என்றார் ஒருவர். ஆழம் தெரிய வைத்த அளவு என்றார் இன்னொருவர். மூன்று தெருவுக்கு மூன்று முளை அடித்தபோது இது மூன்றாவது என்றார் ருக்கு அக்கா.

"கஞ்சி காயுதுப்பா" என்று கிழக்குக் கோடியிலிருந்து ஒரு குரல் கேட்டபிறகுதான் எல்லோரும் எழுந்தார்கள்.

பாவு பிழைத்தது. ஏழு மணிக்குச் சுருட்டி உள்ளே கொண்டுபோனார்கள். என்னை நிமிர்த்தி நிற்கவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இப்போதும் எங்கள் வீட்டில் கண்ணாடியோ சாவியோ காணாமல் போனால், "கண்ணமங்கலம் பஸ்ஸுல தேடிப் பாருங்க" என்பாள் செல்வி. தெருவில் யாராவது புதிதாகக் குடிவந்தால் என்னைக் காட்டி, "இவரு கிட்ட எத வேணா கேளுங்க, ஆனா எதயும் குடுத்துடாதீங்க" என்பார் தனபால் அண்ணன். மூன்று வெட்டுக்கு அர்த்தம் இன்று வரை தெரியவில்லை. சார் தேய்த்து வைத்திருந்த காகிதத்தைப் பிறகு போய்க் கேட்டு வாங்கிவந்தேன், அது பிஸ்கட் டின்னில் இருக்கிறது. விருந்தாளி வந்தால் மாமா அதை எடுத்து, "நம்ம மாப்ள கண்டுபுடிச்சது" என்று கையில் கொடுக்கிறார்.

பாவு நீட்டியதற்கு மறுநாள் காலை, பழைய குழிக்கு ஒரு முழம் தள்ளி, கெட்டியான மண்ணில் முளையை அடித்தோம். மாமா பிடித்துக்கொண்டார், நான் அடித்தேன். மூன்று வெட்டும் மண்ணுக்குள் போயின. மில்லுக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனேன்.